புற்றுநோயை அரசவை வாயிலுக்குக் கொண்டு சென்ற அம்மையார்

ஒரகடம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற பெண்களின் நாவில் நாள்தோறும் வழங்கும் பெயர் ஒன்றுண்டு. முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்ததா, இரண்டாம் தவணை எப்போது என்று அவர்கள் ஒருவரையொருவர் வினவிக்கொள்வர். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயர் அது. 2006-இல் 6,000 ரூபாயாக இருந்த உதவி, படிப்படியாக உயர்ந்து 18,000 ரூபாய் ஆயிற்று. அப்பெயருக்குரியவர் யாரென நாம் வகுப்பில் கேட்டபோது, முன்னாள் அமைச்சர் ஒருவராக இருக்கலாம் என்று மாணவி ஒருவர் விடையளித்தார். அவ்விடை நம்மைச் சற்றே வருத்தியது; இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. அம்மையார் அமைச்சர் அல்லர். ஆயினும் ஒரு நோய் எவ்வாறு ஆள்வோரின் கவனத்தைப் பெறுகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு அவர்தம் வாழ்க்கையைக் காட்டிலும் தெளிவான பாடம் தமிழகத்தில் வேறில்லை எனலாம்.

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தையார் நாராயணசாமி ஐயர், கல்வித்துறையில் புகழ் பெற்றவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபினர். குலம் கடந்த அம்மணத்தால் தந்தையார் தம் சுற்றத்தாரின் புறக்கணிப்புக்கு ஆளானார். ஊரார் பேச்சு எத்தகையது என்பதை அம்மையார் இளமையிலேயே அறிந்திருந்தார். பெண்ணொருத்தி ஆடவர் கல்லூரியில் அமர்ந்து பயில்வதா என்று எதிர்ப்புக் கிளம்பியபோது, புதுக்கோட்டை மன்னர் இசைவளித்து மகாராஜா கல்லூரியின் கதவைத் திறந்துவிட்டார். அங்கிருந்து 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்ற அவர் 1912-இல் பட்டம் பெற்று வெளிவந்தார். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

இதுவரை கூறியது முயன்று முன்னேறிய ஒரு பெண்மணியின் வரலாறு. 1923-இல் அவ்வரலாறு வேறு திசையில் திரும்பியது. அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். வீட்டிலேயே மருத்துவர் இருந்தும், தலைநகரிலேயே வாழ்ந்தும், அந்நோய்க்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை. தங்கை துன்புற்றதை அருகிருந்து கண்டவர், அத்துயரை மறக்க முயலவில்லை. அதையே தம் வேலையாக ஆக்கிக்கொண்டார். 1925-இல் அரசின் உதவியுடன் இங்கிலாந்து சென்று பெண்கள் குழந்தைகள் மருத்துவம் பயின்றபோது, இலண்டனிலுள்ள புற்றுநோய் மருத்துவமனையிலும் பயிற்சி பெற்றார். நோய் எதுவாயினும் அதற்குரிய மருந்தையும் இறைவன் படைத்தே வைத்துள்ளான் என்பது நபிமொழி வழி நாம் அறிந்த செய்தி. அதைத் தேடும் கடமை மனிதருடையது. அம்மையார் இலண்டனில் கண்டதும் அத்தகைய தேடலையே. அங்கே புற்றுநோயாளி கைவிடப்பட்டவர் அல்லர்.

நாடு திரும்பியவரை மாதர் சங்கத்தினர் முன்மொழிய, சென்னைச் சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினர் பதவி வந்தது. விரைவிலேயே அவையின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பெண்கள் குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். முஸ்லிம் மாணவியர்க்கு விடுதி அமையவும் பாடுபட்டார் என்பதை நம் சமுதாயத்தார் நன்றியுடன் நினைவுகூர்தல் தகும். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவர் நடத்திய போர் யாவரும் அறிந்தது. அது சட்டமாக நிறைவேறியது 1947-இல். உப்பு அறப்போரின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டதும், 1930-இல் பதவியைத் துறந்து வெளியேறினார்.

ஈண்டு நாம் ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். அவையில் இருந்த ஆண்டுகளில் அவர் பல காரியங்களைச் சாதித்தார். புற்றுநோய் மருத்துவமனை மட்டும் கைகூடவில்லை. அதிகாரத்தில் ஓர் இருக்கை கிடைத்துவிட்டால் நினைத்ததெல்லாம் நடந்துவிடும் என்று எண்ணுவோர் இதை உற்றுநோக்குக. காலராவும் பெரியம்மையும் ஒரே வாரத்தில் ஊரையே அச்சுறுத்துவன; அவற்றுக்கு எந்த அரசும் அஞ்சும். புற்றுநோயோ ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே, ஓசையின்றிக் கொல்வது. அதிலும் பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றும் மார்பகப் புற்றும் கணவனிடமும் கூறக் கூசும் உறுப்புகளில் தோன்றுவன. கூறப்படாத நோய் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத நோய்க்கு எந்த நிதியமைச்சரும் பணம் ஒதுக்குவதில்லை. நம் வீட்டுப் பெண்களும் இதற்கு விலக்கல்லர். பெண் மருத்துவர் இல்லையென்ற காரணத்தால் காலங்கடத்தி உயிரிழந்தோர் நம் குடும்பங்களிலும் உண்டு.

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அம்மேடையில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை தோற்றுவிக்கப் போவதாக அம்மையார் அறிவித்தார். கேட்டோர் வியந்தனரேயன்றி, நிதி வந்தபாடில்லை. பின்னர் போர் மூண்டது. பம்பாயில் டாட்டா குடும்பத்தார், தம் இல்லத்துப் பெண்மணி ஒருவரை இரத்தப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரத்தின் வழி, 1941-இல் டாட்டா நினைவு மருத்துவமனையைத் திறந்தனர். அவர்களிடம் செல்வம் இருந்தது. அம்மையாரிடம் இருந்தது மாதர் சங்கம். 1949-இல் அச்சங்கத்தின் பெயரால் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி, வீடுவீடாகவும் அலுவலகந்தோறும் கையேந்தினார். எப்படியும் மரணத்தில் முடியும் நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே அரசு வட்டாரங்களில் அன்று நிலவியது. கல்வியறிவு மிக்கவர்களும் அவ்வாறே கருதினர் என்பதே வியப்பு.

1952 அக்டோபர் 10-ஆம் நாள் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. படுக்கைகள் பன்னிரண்டே! தங்கை மறைந்து முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தவை அவை. இவ்விடத்தில் ஒரு நினைவு குறுக்கிடுகிறது. ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில், தொழிற்சாலைப் பெண்களுக்காக 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதியில் உள்ள படுக்கைகள் 18,720. ஓர் அரசு மனம் வைத்தால் எத்துணைப் பெரிதாகச் செய்ய இயலும் என்பதற்கு அக்கட்டடங்கள் சான்று. மனம் வைக்கச் செய்வதே அரிய வேலை.

அப்பன்னிரண்டு படுக்கைகளைத் தாங்கியவர்கள் அம்மையாரின் மைந்தர் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த இளம் மருத்துவர் சாந்தாவும் ஆவர். அரசு மருத்துவமனைப் பணி காத்திருந்தும் சாந்தா அடையாற்றைத் தேர்ந்தார். 2021-இல் மறையும்வரை அங்கேயே உழைத்தார். அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் கதிர்வீச்சுக் கருவியும் வந்தது. தொடக்க நிலையில் வந்த நோயாளிகள் குணமடைந்து வீடு திரும்பக் கண்டபோதுதான், மரணத்தில் முடியும் நோய் என்ற வாதம் தளரலாயிற்று. அரசினர் மனத்தை அம்மையாரின் சொற்பொழிவுகள் மாற்றியதைவிட, உயிருடன் நடந்து சென்ற அந்நோயாளிகள் மாற்றியதே மிகுதி என்பது நம் கருத்து.

அமெரிக்க நாட்டிலும் கதை பெரிதும் வேறுபட்டதன்று. அதிபர் ரூஸ்வெல்ட்டே இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் செயலிழந்தவராதலின், அந்நோய் அந்நாட்டின் முதற்கவலைகளுள் ஒன்றாயிற்று. 1938-இல் அதற்கெனத் தேசிய நிறுவனம் எழுந்தது. 1955-இல் தடுப்பூசி வந்தது. புற்றுநோய்க்கோ, மேரி லாஸ்கர் என்னும் பெண்மணி 1940-கள் தொட்டு அதிபர்களையும் நாடாளுமன்றத்தினரையும் விடாது நெருக்க வேண்டியிருந்தது. அவருடைய கணவரும் 1952-இல் அந்நோய்க்கே இரையானார். அதிபர் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையொப்பமிட்டது 1971 டிசம்பரில்தான். ஆள்பவரின் உடலைத் தீண்டிய நோய் விரைந்து அவையேறுகிறது. ஏனைய நோய்கள் யாரேனும் ஒருவர் தோளில் ஏறி, பல்லாண்டு நடந்தே வர வேண்டியுள்ளது.

தமிழகத்திலும் அது மெய்யாயிற்று. முத்துலட்சுமி அம்மையார் 1968 ஜூலை 22-ஆம் நாள், 1956-இல் பெற்ற பத்மபூஷண் விருதோடும் நிறைவேறிய கனவோடும் கண்மூடினார். அவ்வாண்டு செப்டம்பரில், முதலமைச்சர் அறிஞர் அண்ணா புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற நியூயார்க் சென்றார். திரும்பி வந்தும் நோய் தணியவில்லை. அவர் இறுதி நாள்களைக் கழித்தது அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில். 1969 பிப்ரவரி 3-இல் அங்கேயே உயிர் நீத்தார். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இடம், நாட்டின் முதல்வருக்குக் கடைசிப் புகலிடமாக நின்றது. அம்மையார் அதைக் காண அரையாண்டுக்குமேல் பிந்திவிட்டது காலம்.

அவ்வாண்டிலேயே, அண்ணா பிறந்த காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில், அவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மைய அரசின் தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது 1975-இல். 1923-இலிருந்து எண்ணினால் அரை நூற்றாண்டு. ஆள்பவர் ஒருவர் நோயுற்றதனால்தான் அரசு விழித்தது என்று கூறுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் நோயுற்றபோது சென்று படுப்பதற்கு ஒரு கட்டிலும், சிகிச்சை செய்யத் தெரிந்த கைகளும் சென்னையில் இருந்தனவே, அவை அரசு தந்தவை அல்ல.

இன்று ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியே காரைப்பேட்டைக்குச் செல்லும் நோயாளிகளுள் நம் மாணவர்களின் தாய்மாரும் உளர். பலர் நோய் முற்றிய பின்னரே செல்கின்றனர். கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசியைப் பதினான்கு வயதுச் சிறுமியர்க்கு இலவசமாகச் செலுத்த 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை கூறியது. அச்செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டினோம். முன்னர் விடையளித்த அதே மாணவி, தம் தங்கைக்கு வயது பதின்மூன்று என்றும், அவ்வூசி எங்கே கிடைக்கும் என்றும் கேட்டார்.