டெல்லியின் விசுவாச வீரர் மாஸ்டர் ராம்சந்திரா

1852ஆம் ஆண்டு ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. டெல்லி காஷ்மீர் வாசலருகே உள்ள பரிசுத்த யாக்கோபு ஆலயத்தில் இருவர் ஞானஸ்நானம் பெற்றனர். ஒருவர் உதவி மருத்துவர் சிம்மன் லால். மற்றவர் டெல்லிக் கல்லூரியின் கணித ஆசிரியர் ராம்சந்திரா. இருவரும் நகரம் அறிந்த படிப்பாளிகள். ஆகவே டெல்லி கொந்தளித்தது. தங்கள் பிள்ளைகளும் இவ்வழியே போய்விடுவார்களோ என்று அஞ்சிய பெற்றோர் சிலர் அவர்களைக் கல்லூரியிலிருந்து நிறுத்திக்கொண்டனர்.

ராம்சந்திரா 1821இல் பானிபட்டில், காயஸ்த குலத்தில் பிறந்தவர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். டெல்லியில் ஆங்கிலக் கல்வி பெற்று, 1844இல் டெல்லிக் கல்லூரியில் ஆசிரியரானார். மேனாட்டு அறிவியலை உருது மொழியில் கற்பித்தார். பின்னாளில் உருது இலக்கியத்தில் புகழ்பெற்ற நசீர் அகமதுவும், வரலாற்றாசிரியர் ஜகாவுல்லாவும் இவருடைய மாணவர்கள். நுண்கணிதத்தின் துணையின்றி, இயற்கணிதத்தைக் கொண்டே பெருமம், சிறுமம் காணும் வழியை விளக்கும் நூலொன்றை 1850இல் கல்கத்தாவில் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். அங்கே அந்நூலுக்குக் கிடைத்தது ஏளனமே. லண்டனில் கணிதப் பேராசிரியர் டி மார்கன் அதன் அருமையை உணர்ந்தார். அவருடைய முன்னுரையோடு 1859இல் அது மீண்டும் அச்சேறியது.

இத்தகைய அறிஞர் கிறிஸ்துவை எவ்வாறு கண்டடைந்தார்? மதம் என்பது கல்லாதவர்க்கே உரியது, படித்த ஆங்கிலேயர் அதை உள்ளத்தில் நம்புவதில்லை என்பதே இளமையில் அவருடைய எண்ணம். ஒருமுறை பிராமண மாணவர் ஒருவரோடு வேடிக்கை பார்க்கும் நோக்கில் ஆலயத்திற்குப் போனார். தாம் மதிக்கும் அறிவாளிகளான ஆங்கிலேயர் சிலர் அங்கே முழங்காற்படியிட்டு உள்ளமுருகி ஜெபிப்பதைக் கண்டார். அன்று எவரும் அவரிடம் வாதிடவில்லை, துண்டுப்பிரதியும் கொடுக்கவில்லை. அவர் தாமாகவே வேதாகமத்தை வாசிக்கத் தொடங்கினார். நாம் கண்களை மூடி ஜெபிக்கும் வேளையில் பின்வரிசையில் யார் நின்று பார்க்கிறார் என்று நமக்குத் தெரிவதில்லை. அன்று ஜெபித்தவர்களுக்கும் தெரிந்திருக்காது.

ஞானஸ்நானம் பெற்று ஐந்தாண்டுகள் நிறைவதற்குள் சோதனை வந்தது. 1857 மே 11 அன்று மீரட்டிலிருந்து புறப்பட்ட சிப்பாய்கள் டெல்லிக்குள் நுழைந்தனர். கிறிஸ்தவர் என்று அறியப்பட்டவர்களைத் தேடித்தேடிக் கொன்றனர். சிம்மன் லால் அன்றே கொல்லப்பட்டார். சாந்தினி சௌக்கில் நற்செய்தி கூறிவந்த உபதேசியார் விலாயத் அலியும் இரத்தசாட்சியாக மரித்தார். கிறிஸ்துவை மறுதலித்திருந்தால் இவர்கள் பிழைத்திருக்கக்கூடும். ராம்சந்திராவையும் தேடினார்கள். நெடுநாள் உண்மையாய் உழைத்த ஊழியர் ஒருவரின் உதவியால் அவர் நகரைவிட்டுத் தப்பி, கிராமத்தில் மறைந்திருந்து, பின்னர் ஆங்கிலேயர் பாளயம் சேர்ந்தார்.

ஆபத்து இத்தோடு நீங்கிற்று என்றே எவரும் நினைப்பர். அவருடைய விசுவாசத்தின் கடினமான சோதனை, என் எண்ணத்தில், அதற்குப் பின்னரே வந்தது. செப்டம்பரில் ஆங்கிலேயர் டெல்லியை மீண்டும் பிடித்தனர். ராம்சந்திரா அவர்களுக்குக் கீழ் அலுவல் பார்த்துவந்தார். ஆங்கில அதிகாரிகள் சிலர் தெருவில் செல்லும் இந்தியர்மீது வில்லால் களிமண் உருண்டைகளை எய்து பொழுதுபோக்கினர். அவர்மீதும் எய்தனர். நானும் கிறிஸ்தவனே, அரசாங்க ஊழியனே என்று அவர் அறிவித்தும் பயனில்லை, வசைமொழி அதிகமாயிற்று. மற்றொரு முறை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தடியால் அவர் தலையில் அடித்தார். சலாம் செய்தும் விடவில்லை.

அவர் மௌனமாயிருக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் நகரின் இராணுவ ஆளுநருக்கு முறையீடு எழுதினார். கலகக்காரர் தம்மைக் கொல்லத் தேடியது தம் விசுவாசத்தின் நிமித்தமே. ஆதலால் அப்போது அப்போஸ்தலரையும் ஆதித் திருச்சபையின் இரத்தசாட்சிகளையும் நினைத்து ஆறுதலடைய முடிந்தது. இப்போதோ தோலின் நிறத்திற்காகக் கிறிஸ்தவர்களே அடிக்கையில், அந்த ஆறுதலும் அரிதாயிற்று என்று அதில் முறையிட்டார்.

இந்த வேதனையை எளிதாகக் கடந்துவிட வேண்டாம், அன்பானவர்களே. வெளியாரின் வாளுக்குத் தப்பியவர்கள் சபைக்குள்ளே பட்ட காயத்தால் பின்வாங்கிப்போனதை நாம் அறிவோம். கிறிஸ்துவுக்காகத் தம் இனத்தாரிடையே நற்பெயரை இழந்தவர் ராம்சந்திரா. அவரைச் சகோதரராக ஏற்கவேண்டியவர்களோ தெருவில் அவரை இழிவுபடுத்தினர். இதற்காகவா ஞானஸ்நானம் பெற்றேன் என்று அவர் கேட்டிருந்தால் யார் குறைசொல்ல முடியும்? ஆனால் அவர் தம் மேய்ப்பரை அந்த அதிகாரிகளின் முகத்தில் தேடவில்லை. கிறிஸ்துவை விட்டு அவர் விலகவில்லை.

1858இல் ரூர்க்கி பொறியியற் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். பின்னர் டெல்லி அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1866இல் ஓய்வு பெற்றபின் பாட்டியாலா சமஸ்தானத்தில் இளவரசருக்குக் கல்வி புகட்டினார்; அங்கே கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். கிறிஸ்தவ விசுவாசத்திற்கு ஆதரவாக உருது மொழியில் தொடர்ந்து எழுதினார். மாணவர் ஜகாவுல்லா இறுதிவரை இஸ்லாமியராகவே வாழ்ந்தார். எனினும் இவருடன் நட்பு வைத்ததற்காகத் தம் மக்களின் ஏச்சையும் பொறுத்துக்கொண்டார். ஆசிரியர்மீது அவர் கொண்டிருந்த அன்பு குறையவில்லை.

ராம்சந்திரா 1880 ஆகஸ்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஞானஸ்நானம் பெற்று அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.