ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், காலைக் கல்லூரி: மாணவர் அம்பேத்கர் கட்டிக்கொடுத்தது என்ன?

அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவர், முதல் சட்ட அமைச்சர், பௌத்தம் தழுவியவர். அம்பேத்கர் என்றதும் இவைதான் நினைவுக்கு வரும். கல்லூரியில் ‘போஸ்ட் மெட்ரிக்’ ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்கு, அந்தத் திட்டத்தின் தொடக்கம் 1942-இல் அவர் வைஸ்ராயிடம் கொடுத்த ஒரு மனுவில் இருக்கிறது என்று தெரியும்?

அவரே ஸ்காலர்ஷிப்பில் படித்தவர்தான். அந்தப் பணம் நின்றதால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்தும், தங்க ஒரு அறை கிடைக்காம வேலையையே விட்டவர். பின்னாளில் அவர் கட்டிய கல்வி அமைப்புகள் ஒவ்வொன்றிலும் இந்த அடிகளின் தழும்பு தெரியும்.

ஒரே அறையில் ஒரு குடும்பம்

பூர்விகம் கொங்கண் பகுதியில், ரத்னகிரி மாவட்டத்தின் அம்படவே கிராமம். மஹர் சாதி. அப்பா ராம்ஜி சக்பால், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுபேதார். அதனால்தான் பீம்ராவ் பிறந்தது மத்திய இந்தியாவின் மஹூ ராணுவக் குடியிருப்பில், 1891 ஏப்ரல் 14 அன்று. குழந்தைகளில் பதினான்காமவர். ராம்ஜி ஓய்வு பெற்ற பிறகு குடும்பம் சதாராவுக்குப் போனது, அங்கிருந்து பம்பாய்க்கு.

அப்போது கொங்கண் கிராமங்களில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பம்பாய் ஆலைகளைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். நகரத்துக்கு வந்தா சாதி விட்டுப்போகும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். கூடுதல் சம்பளம் கிடைக்கும் நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர்கள் என ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்க்க மாட்டார்கள். நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. அவர்கள் வாய் வைத்த நாடாவை மற்றவர்கள் தொட மாட்டார்கள், அவ்வளவுதான் காரணம்.

இந்த மக்களுக்கு நடுவில், பரேலில், ‘சால்’ எனப்படும் ஒண்டுக்குடித்தன வரிசை வீடுகள் ஒன்றில் ராம்ஜி குடும்பத்துக்கு ஒரே ஒரு அறை. சமையல், தூக்கம், சாமான்கள் எல்லாமே அதற்குள். பையன் எங்கே படிப்பது? ராம்ஜி ஒரு வழி கண்டுபிடித்தார். பீம்ராவ் முன்னிரவிலேயே தூங்கிவிட வேண்டும். அப்பா விழித்திருப்பார். இரவு 2 மணிக்கு மகனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அவர் படுத்துக்கொள்வார். சத்தம் அடங்கிய அந்த அறையில் விடியும்வரை மகன் படிப்பான்.

பள்ளி, ஊரிலேயே பெயர்பெற்ற எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. ஒருநாள் கணக்குப் போடச் சொல்லி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டு டப்பாக்களை எடுத்துவிட மற்ற பையன்கள் ஓடினார்கள். சமஸ்கிருதம் படிக்க விரும்பினார், விடவில்லை. பாரசீகம் எடுத்தார். 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

அந்தச் சமூகத்தில் அது பெரிய செய்தி. பாராட்டுக் கூட்டம் நடந்தது. ஆசிரியரும் எழுத்தாளருமான கேளுஸ்கர், தான் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசாகக் கொடுத்தார். குடும்பத்தில் பணம் இல்லாமல் படிப்பு நிற்கும் நிலை வந்தபோது, பரோடா மகாராஜா மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துப் போனவரும் அவர்தான். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை. எல்பின்ஸ்டன் கல்லூரிக் கதவு அப்படித்தான் திறந்தது.

நியூயார்க்கில் கிடைத்தது, பரோடாவில் கிடைக்காதது

1913 பிப்ரவரியில் அப்பா இறந்தார். அதே ஆண்டு பரோடா அரசு அவரை மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பியது. மூன்றாண்டு உதவித்தொகை. பதிலுக்கு, படித்து முடித்ததும் 10 ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம்தான் முதன்மைப் பாடம். அதோடு சமூகவியல், வரலாறு, தத்துவம் என்று கிடைத்த வகுப்பில் எல்லாம் உட்கார்ந்தார். செலிக்மன், ஜான் டூயி போன்றவர்கள் ஆசிரியர்கள். மாணவர் விடுதியில் அறைத்தோழர் நவல் பத்தேனா என்ற பார்சி இளைஞர். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. ஒரே மேசையில் சாப்பிடலாம், ஒரே அறையில் தூங்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். 22 வயதில் இது அவருக்குப் புது அனுபவம்.

1915-இல் எம்.ஏ. 1916-இல் லண்டன் வந்து பொருளாதாரப் பள்ளியிலும், வழக்கறிஞர் படிப்புக்காக கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். அங்கே உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஆய்வு பாதியில். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் வாங்கிக்கொண்டு 1917-இல் கப்பல் ஏறினார். புத்தகங்களும் சாமான்களும் வேறு கப்பலில் வந்தன. முதல் உலகப் போர்க் காலம், டார்பிடோ தாக்கி அந்தக் கப்பல் மூழ்கியது.

ஒப்பந்தப்படி பரோடா போனார். அலுவலகத்தில் பியூன்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் தூர இருந்து வீசினார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், எங்கே தங்குவது? இந்து விடுதிகளில் இடம் கிடையாது. ஒரு பார்சி விடுதியின் காவலாளியிடம் பேசி, பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு மாடியில் தங்கினார். மின்விளக்கு இல்லை. தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்த அந்தக் கூடத்தில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் படித்துப் பொழுதைக் கழித்தார்.

பதினோராவது நாள் காலை, அலுவலகம் கிளம்பும் நேரத்தில், பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடிகளோடு மாடியேறி வந்தார்கள். விடுதியைத் தீட்டாக்கிவிட்டதாகச் சத்தம் போட்டு, மாலைக்குள் காலி செய்யக் கெடு வைத்துவிட்டுப் போனார்கள். தெரிந்த இந்து நண்பர் ஒருவரையும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரையும் கேட்டுப் பார்த்தார். இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கைவிரித்தார்கள். பம்பாய் ரயில் இரவு 9 மணிக்குத்தான். அதுவரை காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்தார், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த அந்த அதிகாரி.

வாடகைக்கு வீடு தேடி அலையும்போது ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வியை எதிர்கொண்டவர்களுக்கு இந்தக் காட்சி புதுசா இருக்காது.

மறுபடி லண்டன்

1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கேயும் ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்குச் சிலர் எதிர்ப்புக் காட்டினார்கள். பம்பாயில் குடும்பம் அதே பரேல் பகுதியில், சால் வீட்டிலேயே இருந்தது. சம்பளத்தை மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார், நவல் பத்தேனா கடன் கொடுத்தார். 1920-இல் மீண்டும் லண்டன். வயிற்றைக் கட்டி, பிரிட்டிஷ் மியூசிய நூலகத்தில் நாளெல்லாம் கிடந்து, ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். வழக்கறிஞராகவும் தகுதி பெற்றுத் திரும்பினார்.

முதலில் ஹாஸ்டல்

1924-இல் அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவின் முதல் வேலைகளில் ஒன்று, 1925 ஜனவரியில் சோலாப்பூரில் ஒரு மாணவர் விடுதி. பள்ளிக்கூடம் இல்லை, விடுதி. ஏன்? உயர்நிலைப் பள்ளிகள் இருந்தது நகரங்களில். கிராமத்துப் பையனுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தாலும், அவனுக்கு யாரும் அறை தர மாட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள அவருக்குப் புள்ளிவிவரம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

1932-ஆம் ஆண்டின் புனே ஒப்பந்தத்தைத் தொகுதி ஒதுக்கீட்டுக்காகத்தான் எல்லோரும் பேசுவார்கள். அதன் ஒன்பதாவது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு மாகாணத்தின் கல்வி நிதியிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காகப் போதுமான தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்கிறது அது.

3 லட்சம் ரூபாய்

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அக்டோபரிலேயே, பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து ஒரு விரிவான மனுவை வைஸ்ராய் லின்லித்கோவிடம் கொடுத்தார். பனாரஸ், அலிகார் பல்கலைக்கழகங்களுக்கு அரசு தரும் மானியத்தைச் சுட்டிக்காட்டி, எங்களுக்கு என்ன என்று கேட்டது அந்த மனு. கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் போதாது, செலவு அதிகம் பிடிக்கும் அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்விக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் அரசுப் பணம் வேண்டும் என்பது அவர் வாதம்.

ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944-இல் ஸ்காலர்ஷிப் தொடங்கியது. இன்று பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டமாக ஓடிக்கொண்டிருப்பது அதன் தொடர்ச்சிதான். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஐந்து ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பில் இதைப் புதுப்பித்தது. மத்திய அரசு 60 சதவீதம், மாநிலங்கள் 40 சதவீதம் என்று பங்கீடு.

விடிந்ததும் வகுப்பு

பணமும் தங்குமிடமும் கிடைத்தாலும் நேரம்? பகலில் வேலைக்குப் போனாதான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவர் எப்போது கல்லூரிக்குப் போவது? 1945 ஜூலையில் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கிய அம்பேத்கர், 1946 ஜூன் 20 அன்று பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் திறந்தார். முதலில் ராணுவக் கொட்டகைகளில்தான் நடந்தது. வகுப்புகள் காலை வேளையில். படித்து முடித்துவிட்டு ஆபீசுக்கும் வேலைக்கும் போகலாம். பிழைக்க வந்தவர்களின் நகரத்துக்கு ஏற்ற டைம்டேபிள் அது. எல்லாச் சாதி மாணவர்களுக்கும் இடம் இருந்தது, ஆசிரியர்களும் அப்படியே.

அடுத்து, நிஜாம் ஆட்சியில் இருந்த பின்தங்கிய மராத்வாடா. 1950-இல் அவுரங்காபாத்தில் கல்லூரி தொடங்கியது. பிறகு அதற்கு மிலிந்த் என்று பெயர். பௌத்தத் துறவி நாகசேனரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்ட கிரேக்க அரசன் மிலிந்தனின் பெயர். வளாகத்துக்கு நாகசேனவனம். மாணவன் எதையும் கேட்கலாம் என்று பெயரிலேயே எழுதிவைத்தார்.

இதற்கிடையே 1951-இல் சென்னையில் இருந்து ஒரு சிக்கல். மருத்துவம், பொறியியல் இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்த மெட்ராஸ் மாகாண அரசாணை செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) பிரிவு அப்படிப் பிறந்ததுதான். அதை நாடாளுமன்றத்தில் ஆதரித்து வாதிட்ட சட்ட அமைச்சர், அம்பேத்கர்.

1956 டிசம்பர் 6 அன்று அவர் காலமானார். மிலிந்த் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த கங்காதர் பான்டாவணே, தலித் எழுத்துக்கு மேடையான ‘அஸ்மிதாதர்ஷ்’ இதழைத் தொடங்கினார். கிராமங்களில் இருந்து வந்த முதல் தலைமுறை மாணவர்கள் அதில் எழுதினார்கள்.

அதே அவுரங்காபாத்தில் 1958-இல் மராத்வாடா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு அம்பேத்கர் பெயரை வைக்க 1978 ஜூலையில் மகாராஷ்டிரச் சட்டமன்றம் தீர்மானம் போட்டதும், மராத்வாடா கிராமங்களில் தலித் குடிசைகள் எரிக்கப்பட்டன, உயிர்கள் போயின. தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது. மாணவர்களும் அமைப்புகளும் போராட்டத்தை விடவில்லை. பெயர்ப்பலகையில் அவர் பெயர் ஏறியது 1994 ஜனவரி 14 அன்று. இடையில் 16 ஆண்டுகள்.