படிகத்தின் உள்ளமைப்பைக் கண்ட கே. எஸ். கிருஷ்ணன்

தமிழ்நாட்டில், திருவில்லிப்புத்தூருக்கு அருகே மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று, பின்னர்க் கல்கத்தா சென்று சி. வி. இராமனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது உடனிருந்து அல்லும் பகலும் உழைத்தவர் இவரே. எனினும் 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

அப்போது கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்தார். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் படிகத்திற்குள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்னும் வினா அவரை ஈர்த்திருந்தது.

மாணவர்களே, அன்னையர் வாசலில் இடும் நான்முனைக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். கால் வட்டம் திருப்பினாலும் அது முன்போலவே தோன்றும். இப்பண்பையே சமச்சீர் என்பர். கனசதுர அமைப்புடைய உப்புப் படிகத்தைக் காந்தத்தின் நடுவே எப்படித் திருப்பித் தொங்கவிட்டாலும் அது எல்லாத் திசைகளிலும் ஒரே தன்மையைக் காட்டும். அதன் சமச்சீர் வேறுபாட்டிற்கு இடந்தருவதில்லை. துணிப்பெட்டியில் இடும் பாச்சை உருண்டைக்குப் பயன்பட்ட நாப்தலீனோ சமச்சீர் குறைந்தது. அதன் படிகம் ஒரு திசையில் காந்தத்தை மிகுதியாகவும், வேறொரு திசையில் குறைவாகவும் எதிர்க்கும்.

அவ்வேறுபாடு மிக மிகச் சிறியது. அதை அளக்கக் கிருஷ்ணன் கையாண்ட முறை வியப்புக்குரியது. குவார்ட்ஸை உருக்கி இழுத்த மெல்லிய இழையில் சிறு படிகம் ஒன்றைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டார். இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்கினார். காந்தம் படிகத்தைப் பற்றி நிறுத்த முயலும். முறுக்கு ஏற ஏற, ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று புரண்டுவிடும். அந்தக் கோணத்தைக் குறித்துக்கொண்டால் வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு மின்காந்தம், ஓர் இழை, பாகை குறித்த ஒரு வட்டம். முதன்மைக் கருவிகள் இவ்வளவே!

இனிக் கணிதத்தின் வேலை. நாப்தலீன் மூலக்கூறு தட்டையானது. படிகத்தின் ஒவ்வோர் அலகிலும் இரண்டு மூலக்கூறுகள் சாய்ந்து நிற்கின்றன. ஒன்றன் சாய்வு மற்றதன் கண்ணாடி நிழல் போன்றது. ஆதலால் ஒன்றை அறிந்தால் மற்றதும் தானே விளங்கும். இந்தச் சமச்சீர் விதியைத் துணைக்கொண்டு, முழுப் படிகத்தை அளந்தே உள்ளிருக்கும் மூலக்கூறின் சாய்வை அவர் கணித்தார். எக்ஸ் கதிர் கொண்டு படிகங்களை ஆராய்ந்தோர்க்கும் இம்முறை துணையாயிற்று. அவர்களுள் ஒருவரான லண்டன் விஞ்ஞானி காத்லீன் லான்ஸ்டேல் அம்மையார், 1936இல் கிருஷ்ணனுடன் இணைந்து இது குறித்துக் கட்டுரை வெளியிட்டார். படிகங்களின் சமச்சீர்க் கணிதம் பற்றிப் பின்னாளில் நூல்கள் இயற்றிய ஆந்திர நாட்டுப் பகவந்தமும் இராமனின் மாணவரே.

1940இல் லண்டன் ராயல் சொசைட்டி கிருஷ்ணனை உறுப்பினராக்கியது. 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1947இல் டில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த புலமை பெற்றிருந்த அப்பெருமகனார், 1961ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் மறையும் வரை அப்பொறுப்பிலேயே இருந்தார்.