கணித மேதை சி. பி. இராமானுஜம்

கணித மேதை என்றவுடன் இராமானுஜன் என்னும் பெயரே நம் நினைவிற்கு வரும். அப்பெயரினின்றும் ஈற்றெழுத்து ஒன்றே வேறுபட்ட இராமானுஜம் என்னும் பெயர் பூண்ட மற்றொரு மேதையும் தமிழகத்தில் தோன்றினார். ஈரோட்டில் பிறந்த முன்னவர் 32 ஆண்டுகளே வாழ்ந்தார்; பின்னவர் வாழ்ந்தவை 36 ஆண்டுகளே. எனினும், இருவர் பணியும் உலகம் போற்ற நிற்கின்றது.

சி. பி. இராமானுஜம் 1938ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 9ஆம் நாள் சென்னையில் பிறந்தார். வேப்பேரியிலுள்ள முத்தையா செட்டியார் உயர்நிலைப்பள்ளியில் பயின்று, 1952இல் பள்ளிக் கல்வியை முடித்தார். பின்னர் இலயோலாக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கணிதம் கற்பித்தவர் பாதிரியார் ரசீன். பிரான்சு நாட்டினின்றும் 1937இல் இந்தியாவிற்கு வந்த அப்பெரியார், ஐரோப்பாவில் அப்போது வளர்ந்துவந்த புதுக்கணிதத்தைத் தம் மாணவர்க்கு அறிமுகப்படுத்தினார். தேர்வுக்குரிய பாடங்களைக் கடந்து, அரிய நூல்களைத் தாமே தேடிப் படிக்கும் ஆர்வம் இராமானுஜத்திடம் மிகுந்தது. 1957இல் அவர் பட்டம் பெற்றபோது கிடைத்தது இரண்டாம் வகுப்பே. எனினும், மாணவரின் ஆற்றலை நன்கறிந்த ஆசிரியர் ஊக்குவிக்க, அவர் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இடம் பெற்றார்.

ஆங்கு அவர் முதலில் எண்கோட்பாட்டில் ஈடுபட்டார். எந்த முழுஎண்ணையும் ஒன்பதிற்கு மேற்படாத கன எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். சான்றாக, 23 என்பது இரண்டு எட்டுகளும் ஏழு ஒன்றுகளும் சேர்ந்தது. இதனை ஒத்த வினாவைப் பரந்த எண் களங்களுக்கு விரித்த செருமானிய அறிஞர் சீகல், தேவைப்படும் உறுப்புகளின் எண்ணிக்கை களத்தைப் பொறுத்து மாறுமோ என்று ஐயம் எழுப்பினார். மாறாத ஓர் எல்லை உண்டு என்று இராமானுஜம் நிறுவினார். அவ்வெற்றி கைகூடுமுன் அவர் அடைந்த தோல்விகள் பல. தாம் ஆராய்ச்சிக்குத் தகுதியற்றவரோ என்று அவர் கலங்கியதும் உண்டு.

அவர் பெயரை நிலைநிறுத்தியது மற்றொரு துறை. களிமண் உருண்டையைக் கிழிக்காமலும் ஒட்டாமலும் தட்டாக்கலாம், கிண்ணமாக்கலாம், வளையலாக்க இயலாது. வளையலின் நடுவே துளை இருப்பதே காரணம். இத்தகைய பண்புகளை ஆராய்வது இடத்தியல். உருவங்களின் துளைகளை எண்களாலும் குறிகளாலும் கணக்கிடும் முறைக்கு ஹோமாலஜி என்று பெயர். பிரெஞ்சு மேதை புவன்காரே 1895இல் அதற்கு அடிகோலினார்.

துளை ஏதுமின்றி ஒரு புள்ளியாகச் சுருங்கவல்ல இயற்கணிதப் பரப்பு, சமதளமாகவே இருத்தல் வேண்டுமோ? இவ்வினாவிற்கு 1971இல் இராமானுஜம் விடை கண்டார். கலப்பெண்களை ஆயங்களாகக் கொண்ட அத்தளத்தில் எவ்வளவு தொலைவில் ஒரு கயிற்று வளையத்தை இட்டாலும், அதனை நடுப்பகுதிக்குக் கொண்டுவராமல் தொலைவிலேயே சுருக்கிவிடலாம். இப்பண்பும் உடைய பரப்பே தளமாகும் என்று அவர் மெய்ப்பித்தார். சுருங்கும் தன்மை இருந்தும் இப்பண்பு இல்லாத ஒரு பரப்பையும் அமைத்துக் காட்டினார். அதன் தொலை எல்லையை ஹோமாலஜியால் மட்டும் அளந்தால் குறை ஏதும் தோன்றாது. கயிற்று வளையமோ அங்கே சிக்கிக்கொள்ளும். அது இன்றும் இராமானுஜம் பரப்பு என்றே வழங்குகின்றது.

கற்றதைப் பிறர்க்கு உதவுவதிலும் அவர் வல்லவர். உருசிய அறிஞர் ஷபரேவிச்சின் சொற்பொழிவுகளை எழுதியபோது பிழைகளைத் திருத்தி, விடுபட்ட நிறுவல்களையும் சேர்த்தார். அவ்வறிஞரே அதனை மெச்சினார். அமெரிக்கப் பேராசிரியர் மம்போர்டின் புகழ்பெற்ற நூலொன்று உருவாகவும் துணைநின்றார். இங்கிலாந்தின் வார்விக்கிலும் இத்தாலியின் செனோவாவிலும் அவரை விரும்பி அழைத்தனர். வியத்நாமில் பிறந்த லே டுங் திராங்குடன் சேர்ந்து அவர் கண்ட தேற்றம், அவர் மறைந்தபின் 1976இல் வெளிவந்தது.

இத்தனை அறிவு விளங்கிய அவரைக் கொடிய நோயொன்று வருத்தியது. 1964 முதல் மனநோயும் சோர்வும் அவரை அடிக்கடி பற்றின. அதனால் பம்பாயை விட்டுச் சண்டிகர் சென்றார்; சில திங்கள் கழித்து மீண்டார். நோய் தணிந்த இடைவெளிகளிலேயே அவருடைய அரும்பணிகள் பல நிறைவேறின. இறுதியிற் பெங்களூரை அடைந்து இளையோர்க்குக் கணிதம் கற்பித்தார். 1974ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

காய்ச்சலுற்றவரை எவரும் இகழ்வதில்லை; மனநோயும் அத்தகையதே. மருந்தும், பொறுமையும், சுற்றத்தாரின் அன்பும் அதற்கு வேண்டும். மதிப்பெண் குறைந்த மாணவரிடத்தும் மேதைமை மறைந்திருக்கலாம். மேதையரிடத்தும் ஆறாத் துயர் மறைந்திருக்கலாம். இவ்விரண்டையும் கண்டுணரும் கண்ணே கல்வி தரும் கண்ணாகும்.