முதுகுன்றும் தம்பிரான் தோழரும்

நடுநாட்டுத் திருப்பதிகளுள் மணிமுத்தாற்றங்கரையில் விளங்குவது திருமுதுகுன்றம். பீங்கான் தொழிலால் பலரும் அறிந்த விருத்தாசலம் இதுவே. இங்கு எழுந்தருளியுள்ள பழமலைநாதரைத் தேவார மூவரும் பாடியுள்ளனர். அவருள் இப்பெருமானிடம் தோழமை உரிமையோடு வழக்காடிப் பொருள் பெற்றவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள்.

திருநாவலூரில் ஆதிசைவர் குலத்தில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் திருமகனாராகத் தோன்றினார். கி.பி. 8ஆம் நூற்றாண்டினர் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. நரசிங்கமுனையரையர் என்னும் அரசர் அவரை மகன்மை கொண்டு வளர்த்தார். புத்தூர் மணப்பந்தரில் முதியவராய் வந்த இறைவன் ஓலை காட்டி, திருவெண்ணெய்நல்லூரில் ஆட்கொண்ட வரலாறு யாவரும் அறிந்தது. பாட்டே தமக்குரிய அருச்சனை என்று இறைவன் அப்போது உணர்த்தியதாகச் சேக்கிழார் பெருமான் உரைப்பார். அன்று தொடங்கிய பாட்டு இறுதிவரை ஓயவில்லை.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் யோகநெறிக்கு இவரையே சான்றாகச் சைவப் பெரியோர் காட்டுவர். இவரோ மூச்சை அடக்கிக் காட்டில் இருந்தவரல்லர். திருவாரூரில் பரவையாரோடு இல்லறம் நடத்தினார். திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணந்தார். இத்தகையவரை யோகியாகக் கொள்வது எவ்வாறு என்று வினவுவார் உண்டு, வினவுவது தகும். திருமுதுகுன்றத்து நிகழ்ச்சியை நோக்கினால் விடை புலப்படும்.

ஈண்டு வந்து பாடிய நம்பியாரூரருக்கு இறைவன் 12,000 பொன் அருளினான். அப்பொன் திருவாரூரில் உள்ளார் வியக்க ஆங்கே கிடைத்தல் வேண்டும் என்று இவர் விண்ணப்பித்தார். மணிமுத்தாற்றில் இட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு அருள் பிறந்தது. மாற்றறிவதற்குச் சிறிது வெட்டி வைத்துக்கொண்டு, எஞ்சியதை ஆற்றில் இட்டார். (தோழனே ஆயினும் மாதிரி எடுத்துவைத்த அந்த நுட்பம் எண்ணுந்தோறும் இன்பம் பயப்பது.)

தில்லையை வணங்கி ஆரூரை அடைந்தபின், பரவையாருடன் கமலாலயத் திருக்குளத்தில் இறங்கித் தேடினார். பொன் இல்லை. ஆற்றில் இட்டதைக் குளத்தில் தேடுவாரும் உளரோ எனப் பரவையார் நகைத்தார். நாணத்தோடு நின்றவர், நெடுந்தொலைவிலுள்ள முதுகுன்றப் பெருமானையே விளித்துப் பாடத் தொடங்கினார். ஒரு பாட்டு முடிந்தது, இரண்டு முடிந்தன, எட்டும் முடிந்தன. கைக்கு அகப்பட்டது நீரே. மனைவியார் நகைப்புக்கு முன், விடையில்லாத நீரில் நின்று, அவர் ஒன்பதாம் பாட்டையும் எடுத்தார். இறைவனை ஏத்தாதிருந்த பொழுதை அறியாத தம் வழக்கத்தையே அதில் முறையீடாக வைத்தார். பொன் வந்தது. உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. அதற்கும் பாடி நிறைவு பெற்றார்! எட்டாம் பாட்டிற்கும் ஒன்பதாம் பாட்டிற்கும் இடையே கலையாது நின்ற அந்த உள்ளமே யோகநிலை.

தனியே பாடி நின்ற இவரே, முன்னொருநாள் ஆரூர்த் தேவாசிரிய மண்டபத்து அடியார் திருக்கூட்டத்தைப் பணிந்து திருத்தொண்டத்தொகை அருளியவர். 11 பாட்டுக்களில், தனியடியாரையும் ஒன்பது தொகையடியாரையும் போற்றித் தம்மை அவர்க்குக் கீழ்ப்படுத்திக்கொண்டார். பெரியபுராணத்துக்கு அதுவே முதனூல்.

ஏழாம் திருமுறையாக இன்று கிடைப்பவை 100 பதிகங்கள். பதினெண் ஆண்டே மண்ணுலகில் வாழ்ந்தார் என்பது வழக்கு. ஆடிச் சுவாதியில் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளையானைமீது கயிலை சென்றார். சேரமான் பெருமாள் குதிரைமீது உடன் சென்றார். வழியிலும் ஒரு பதிகம் பாடினார். அதனை அஞ்சைக்களத்தில் சேர்ப்பிக்குமாறு கடலரசனிடம் கொடுத்தார், அவனும் சேர்ப்பித்தான்.