ஓர் அணாச் செலவில் ஒரு புரட்சி!
ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்த தியாகராயர்

சென்னைக்குப் போகிறவர்கள் தி.நகரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. துணி எடுக்கவும், நகை வாங்கவும் அங்கே கூட்டம் அலைமோதும். அந்த நகருக்குப் பெயர் தந்தவர் சர். பிட்டி தியாகராயர். பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க வழி செய்தவரும் அவரே!

நெசவாளர் குலம்

தியாகராயர் 1852-ம் ஆண்டு, நெசவுத் தொழில் செய்யும் தேவாங்கர் குலத்தில் பிறந்தார். 1876-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1882-ல் சென்னை நகரசபை உறுப்பினர் ஆனார். சுமார் 40 ஆண்டு காலம் நகரசபையில் பணியாற்றினார்.

பதவி வேண்டாம்!

1916-ல் டாக்டர் நடேச முதலியார், டி.எம்.நாயர் ஆகியோருடன் சேர்ந்து ஒரு கட்சி தொடங்கினார். அதுதான் நீதிக்கட்சி. 1920 தேர்தலில் அந்தக் கட்சி வெற்றி பெற்றது. மந்திரிசபைக்குத் தலைமை ஏற்கும்படி கவர்னர் வில்லிங்டன் தியாகராயரை அழைத்தார்.

வேறு ஒருவராக இருந்தால் துள்ளிக் குதித்து இருப்பார். தியாகராயரோ மறுத்துவிட்டார்! சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார். தியாகராயர் நகரசபைத் தலைவராகவே இருந்தார்.

வெறும் வயிறு

ஆயிரம் விளக்குப் பகுதியில் நகரசபைப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே படித்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வெறும் வயிற்றோடு எப்படிப் பாடம் படிப்பது? பலர் பள்ளிக்கு வரவில்லை.

பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று 1920-ல் நகரசபை தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. (அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா.)

பலன் கைமேல் கிடைத்தது. மேலும் 4 பள்ளிகளுக்குத் திட்டம் பரவியது. 1922-23-ல் இந்த 5 பள்ளிகளிலும் 811 பிள்ளைகள் படித்தார்கள். 1924-25-ல் அது 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டில் இரண்டு மடங்கு!

பணம் நின்றது

தொடக்கக் கல்வி நிதியில் இருந்துதான் நகரசபை இதற்குப் பணம் எடுத்தது. அந்த நிதியைச் சிற்றுண்டிக்குச் செலவிடக் கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் கூறிவிட்டது. 1925 ஏப்ரல் 1-ந்தேதி திட்டம் நின்றது. பிள்ளைகளின் தட்டு காலியாயிற்று. அதே ஆண்டில் தியாகராயரும் காலமானார்.

ஆனால் அவர் போட்ட விதை பட்டுப் போகவில்லை. நகரசபை விடாமல் கேட்டது. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. 1927-ல் 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு மீண்டும் உணவு கிடைத்தது.

காமராஜர் காலம்

நாடு சுதந்திரம் அடைந்தபின் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் காமராஜர். 1956-ல் ஊர் மக்கள் தந்த நன்கொடையைக் கொண்டு மதிய உணவு தொடங்கியது. நன்கொடை எத்தனை நாளைக்குத் தாங்கும்? 1957-ல் அரசாங்கமே பங்கு கொடுக்க முன்வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு செலவு. அதில் 6 காசு அரசாங்கம் கொடுத்தது. மீதி 4 காசு உள்ளூர்ப் பணம். ஊர் அடுப்பு மூட்டியது. அரசாங்கம் அதை அணையாமல் பார்த்துக்கொண்டது.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டை போன்ற ஊர்களிலும் இன்று அரசாங்கச் செலவில் பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு, மத்தியானம் பிள்ளை பட்டினி கிடக்குமே என்ற கவலை இல்லை.

நல்ல மனம் ஒரு திட்டத்தைத் தொடங்கும். அது நிலைத்து நிற்க அரசாங்கத்தின் பணம் வேண்டும். 1925-ல் ஆயிரம் விளக்குப் பிள்ளைகள் பட்டினி கிடந்து கற்ற பாடம் இது.