வீராங்கனை டெபொறா சாம்ப்சன்

போருக்குச் சென்று மீண்டோர்க்கு நாடு கடன்பட்டிருக்கின்றது. உழைத்த நாளுக்குச் சம்பளம் அளிப்பதும், பட்ட புண்ணுக்கு மருந்திடுவதும் அக்கடனின் பாற்பட்டவை. மீண்டவர் ஒரு பெண்ணாயின் அக்கடன் என்னாகும்? இவ்வினாவுக்கு விடை தேடியே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தவர் அமெரிக்க வீராங்கனை டெபொறா சாம்ப்சன் அம்மையார்.

மசாச்சூசெற்ஸைச் சேர்ந்த பிளிம்ப்டன் என்னும் சிற்றூரில், 1760ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி வறிய குடும்பமொன்றிலே டெபொறா பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போகவே, பிள்ளைகள் பிறர் வீடுகளிற் சிதறி வளர்ந்தனர். பத்து வயதளவில் கமக்காரர் ஒருவரின் வீட்டிலே பணிப்பெண்ணாக அமர்த்தப்பட்ட இச்சிறுமி, பதினெட்டு வயதுவரை அங்கு உழைத்தார். எழுத்தறிவைப் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே தேடிக்கொண்டார். அவ்வீட்டினின்றும் விடுபட்டபின், கோடையிற் பள்ளியாசிரியையாகவும் மாரியில் நெசவுகாரியாகவும் சீவனம் நடத்தினார்.

அக்காலத்தில் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியாவின் ஆட்சியை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தன. படையிற் பெண்களுக்கு இடமில்லை. டெபொறா ஆணுடை புனைந்து, றொபேட் சேட்லிவ் என்னும் பெயருடன் 1782ஆம் ஆண்டு மே மாதத்தில் நான்காவது மசாச்சூசெற்ஸ் படையணியிற் சேர்ந்துகொண்டார். உயரமும் உடல் வலிமையும் அவருக்குத் துணையாயின.

ஹட்சன் ஆற்றுப் பகுதியிலே பணிபுரிந்த காலத்தில், மோதலொன்றில் அவர் காயமுற்றார். தலையிற் பட்ட வெட்டுக்கு மட்டும் வைத்தியரிடம் மருந்திட்டுக்கொண்டு, தொடையிற் பாய்ந்த குண்டுகளை மறைத்துவிட்டாரென அவர் சரிதம் எழுதியோர் கூறுவர். ஒரு குண்டைத் தம் கையாலேயே அகற்றினார். ஆழப் புதைந்த மற்றையது உடலிலேயே தங்கிவிட்டது. வைத்தியரிடம் காட்டினால் நோவு தீரும். ஆனால் இரகசியம் வெளிப்பட்டுவிடும். ஆகவே நோவையே அவர் தெரிந்துகொண்டார்.

மறைத்த உண்மையை மறு ஆண்டிலே காய்ச்சல் வெளிப்படுத்திற்று. பிலடெல்பியாவில் நினைவிழந்து கிடந்த போர்வீரரைப் பரிசோதித்த டொக்டர் பாணபஸ் பினி உண்மையை உணர்ந்தார். ஆயினும் அதனை உடனே வெளியிடாது, தம் இல்லத்துக்கே அழைத்துச் சென்று பராமரித்தார். 1783ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஏறக்குறைய பதினேழு மாதச் சேவையின்பின், டெபொறா படையிலிருந்து கௌரவமாக விடுவிக்கப்பட்டார்.

1785இல் பெஞ்சமின் கனெற் என்னும் கமக்காரரை அவர் மணந்தார். மூன்று மக்களைப் பெற்றதுடன், தாயற்ற குழந்தையொன்றையும் எடுத்து வளர்த்தார். வறுமை அகலவில்லை, பழைய காயமும் ஓயவில்லை. பெண்ணென்பதாற் தமக்கு மறுக்கப்பட்ட படைச் சம்பளத்தை வேண்டி, 1792இல் மசாச்சூசெற்ஸ் சட்டசபைக்கு விண்ணப்பித்தார். சபை அவர் சேவையை மெச்சி, வட்டியுடன் 34 பவுண் வழங்க இசைந்தது.

சம்பளம் கிடைத்தது, காயத்துக்கான ஈடு கிடைக்கவில்லை. 1802இல் அம்மையார் ஊர் ஊராகச் சென்று தம் அனுபவங்களைச் சொற்பொழிவாற்றினார். இராணுவ உடையுடன் மேடையில் தோன்றித் துப்பாக்கிப் பயிற்சி செய்து காட்டிய அவரைக் காண மக்கள் கட்டணம் செலுத்தி வந்தனர். வீரத்தை வியக்க மக்கள் இருந்தனர். நோய்க்கு உதவ அரசு முன்வரவில்லை. 1804இல், விடுதலைப் போரிற் புகழ்பெற்ற போல் றிவியர் அவருடைய வறுமையையும் உடல் நலிவையும் எடுத்துக்காட்டிக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்குக் கடிதம் வரைந்தார். அதன் பயனாக 1805இல், அங்கவீனமுற்ற போர்வீரர் என்ற முறையில், மாதம் 4 டொலர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. படையிலிருந்து விலகிய 1783 முதலே அதனைக் கணக்கிட்டுத் தருமாறு 1809இல் அவர் விடுத்த வேண்டுகோளைக் காங்கிரஸ் அப்பொழுது ஏற்கவில்லை. அங்கவீனத்தை ஒப்புக்கொண்ட அரசு, அது தொடங்கிய நாளை ஒப்புக்கொள்ளத் தயங்கிற்று.

1827ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆந் திகதி, தமது 66ஆவது வயதில் அம்மையார் காலமானார். போர்வீரர்களின் விதவைகளுக்குரிய உதவியைத் தமக்கும் தருமாறு கணவர் விண்ணப்பித்தார். அது கைகூடுமுன் அவரும் மறைந்தார். 1838இல் அவருடைய வாரிசுகளுக்கே காங்கிரஸ் பணம் வழங்கிற்று.

பெண் போர்வீரர் என்போர் இன்று ஒருவரோ இருவரோ அல்லர். படைச் சேவை முடித்த பெண்கள் அமெரிக்காவில் ஏறக்குறைய 20 இலட்சம் பேர் உள்ளனர். ஆடவரை எண்ணியே அமைந்த வைத்தியசாலைகளில் இவர்கள் நெடுங்காலம் புறம்போக்காய் நின்றனர். இக்குறையைத் தீர்க்கவென 2021ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்னாட் போர்வீரர் நலத் திணைக்களத்திலே பெண்களின் சுகாதாரத்துக்கென ஓர் அலுவலகத்தை அமைக்கவும், பெண்களைப் பராமரிக்கும் தேர்ச்சி பெற்றோரை வைத்தியசாலைகளில் அமர்த்தவும் அது வழிவகுத்தது. டெபொறா சாம்ப்சன் சட்டம் என்பது அதன் பெயர்.

காயத்தை மறைத்தே வாழ நேர்ந்த ஒருத்தியின் பெயர், காயத்தைக் கூசாது காட்டப் பெண்களுக்கு இடமளிக்கும் சட்டத்துக்குச் சூட்டப்பட்டமை பொருத்தமே. ஆனால் அவர் படைவிட்டு நீங்கிய நாளுக்கும் அச்சட்டத்துக்கும் இடையே கழிந்த ஆண்டுகள் 237. இத்துணைக் காலம் காத்திருக்க எந்தப் புண்ணாலும் இயலாது.